இருபத்தெட்டு வந்தால் வீடு

என் காரின் பேட்டரி தேய்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் என் மகன். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. கூட்டல் கழித்தல் தெரியாது, கடிகாரம் பார்க்கத் தெரியாது, பேச்சு என்று மொத்தம் இருபது முப்பது வார்த்தை தேறும். ஆனால் எண்ணைக் கண்டால் விடமாட்டான். பஸ் நம்பர், கதவு நம்பர், லிஃப்டில் மாறும் நம்பர், எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பான். எங்கள் எலெக்ட்ரிக் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால், பேட்டரியில் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம் என்று ஒரு எண் ஒளிரும். பக்கத்து சீட்டிலிருந்து கழுத்தை நீட்டி அதைப் படித்துக்கொண்டே வருவான்.

அவனைக் காஞ்சிபுரத்துக்கு அப்பால் ஒரு இல்லத்தில் சேர்த்திருந்தோம். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கான இடம், நல்லவர்கள் நடத்துவது. என் மனைவிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆன பிறகு, எண்பது கிலோ ஆண்பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துவிட அவளால் முடியவில்லை. நான் அப்போது வேலையில் இருந்தேன். சேர்த்தோம் என்று எழுதுகிறேன், விட்டுவிட்டு வந்தோம் என்பதுதான் சரி. அன்றைக்கு வாடகைக் காரில் போகும்போது வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். அவனுக்குப் பிடித்த பால்கோவா வாங்கிக் கொடுத்தோம். பிறகு நேரே இல்லத்துக்குப் போய் அவனை இறக்கிவிட்டுத் திரும்பினோம். அதிலிருந்து வண்டி நடுவழியில் நின்றால் போதும், தன்னை விட்டுவிடப் போகிறார்கள் என்று அவனுக்கு உறுதியாகிவிடும்.

அடுத்த ஒரு வருஷம் அவனை வீட்டுக்கே அழைத்து வர முடியவில்லை. அன்றைக்குப் பிறகு இன்ஜின் சத்தமே அவனுக்கு ஆகாமல் போயிற்று. பஸ், ஆட்டோ, வாடகைக் கார், எதில் ஏற்றினாலும் காதைப் பொத்திக்கொண்டு ஊளையிடுவான். அவன் அம்மாவுக்கோ அந்தப் பயணத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், அவள் அங்கே போக வழியில்லை. அவன் வந்தால்தான் அவள் அவனைப் பார்க்க முடியும். போனில் முகம் காட்டினால் அவன் போனைத் திருப்பிப் பின்பக்கத்தில் அம்மாவைத் தேடுவான். நான் ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய் இந்த எலெக்ட்ரிக் காரில் கொட்டினேன். உறவுக்காரர்கள் பொம்மைக் கார் என்று கிண்டலடித்தார்கள். முதல் சனிக்கிழமை அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது அவன் கை காதுக்குப் போகவே இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து இல்லத்துக்குப் போக வர நூற்றெழுபது கிலோமீட்டர். நூறு சதவீதத்தில் கிளம்புவேன். அவனை ஏற்றிக்கொண்டு ஃப்ளாட் கேட்டுக்குள் நுழையும்போது எண் இருபத்தெட்டில் நிற்கும். ஒன்றிரண்டு முன்னே பின்னே. நாலைந்து வாரத்தில் அவனே ஒரு விதி போட்டுக்கொண்டான். முப்பது வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். இருபத்தெட்டு வந்ததும் இரண்டு தட்டுக் கைதட்டி, “இருபத்தெட்டு. வீடு,” என்பான். மேலே அவன் அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஞாயிறு சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் எங்கள் வீட்டில் மற்ற ஆறு நாளும் சமையல், துணி, மார்க்கெட் எல்லாம் நடந்தன.

இல்லத்திலேயே சார்ஜ் போடக் கூடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு தடவை போட்டோம். பழைய கட்டடம், பழைய வயரிங், மொத்த இடமும் இருட்டாகி உள்ளே பிள்ளைகள் அலறினார்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அம்பத்தூரை ஒட்டிய பாடியில் லாரிகளுக்குப் பிரேக் சாமான் செய்யும் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். கடைசி இருபது வருஷம் வாரண்டி செக்‌ஷன். ஊரெல்லாம் பழுதான எங்கள் சாமான் ஒரு அட்டையைக் கட்டிக்கொண்டு என் மேஜைக்கு வரும். தப்பு எங்களுடையதா, ஓட்டியவனுடையதா என்று சொல்வது என் வேலை. எங்களுடையது என்று அடிக்கடி சொல்கிறவனை அந்த நாற்காலியில் இருபது வருஷம் உட்கார வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நான் பொய் எழுதியதில்லை, அதில் எனக்கு ஒரு திமிரே உண்டு. தேய்மானம் கோட்டைத் தாண்டினால் புதுசு கொடு, தாண்டாவிட்டால் கொடுக்காதே. திருவள்ளூர்ப் பக்கத்து லாரிக்காரர் ஒருவர் சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராகக் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். அளந்து பார்த்தேன். மயிரிழை அளவு கோட்டுக்கு உள்ளே இருந்தது. இன்னொரு தரம் அளக்கச் சொல்லிக் கெஞ்சினார், அளந்தேன், அதேதான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அந்த செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு, அதைக் கொண்டுவந்தவனே நான்தான். சாமானைத் தொடுவதற்கு முன்னால் வண்டியின் பராமரிப்பு நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். புளுகுகிறவன் ஆறு மாதக் கணக்கையும் ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியிருப்பான், பார்த்தவுடன் தெரிந்துவிடும். கொஞ்சம் கூச்சமுள்ளவன் எழுதாமல் விட்டிருப்பான். எங்கே எழுதாமல் விட்டிருக்கிறானோ அங்கேதான் வண்டியை வதைத்திருப்பான். வெற்றுப் பக்கம் கிடைத்தால் எங்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

கார் வாங்கிய அன்றே நானும் ஒரு நீள நோட்டுப் போட்டேன். தேதி, ஓடிய தூரம், எத்தனையில் சார்ஜ் போட்டேன், எத்தனையில் எடுத்தேன், வெயிலா நிழலா என்று எல்லாம். நிழல் என்று எழுதியதே குறைவு. எங்கள் அசோசியேஷனில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், படித்தவர்கள், எல்லோரும் வாட்ஸ்அப்பில் கார் தீப்பிடிக்கும் வீடியோவைப் பார்த்தவர்கள். கட்டடத்துக்கு அடியில் சார்ஜ் போடக் கூடாது என்று கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். மோட்டார் ரூம் பக்கத்தில், காம்பவுண்ட் சுவரோரம், மொட்டை வெயிலில் எனக்கு இடம் ஒதுக்கினார்கள். அங்கேயே கார் வாரம் முழுவதும் நூறு சதவீதத்தில் நின்றது. முழுக்க நிரப்பி வெயிலில் நிறுத்தாதே என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது, படித்தும் இருந்தேன். ஆனால் இல்லத்திலிருந்து எந்த நேரமும் போன் வரலாம் என்ற பயம் எனக்கு. நிரம்பியிருந்தால்தான் தூக்கம் வந்தது.

மூன்றாவது வருஷம் ஒரு சனிக்கிழமை கேட்டுக்குள் நுழைந்தபோது எண் இருபத்திரண்டு. அவன் இறங்க மறுத்துவிட்டான். வீடு வருவதற்கு முன்னால், பூந்தமல்லியிலேயே இருபத்தெட்டு வந்து அவன் கைதட்டி முடித்துவிட்டிருந்தான். நான் டிராஃபிக்கில் கவனிக்கவில்லை. அடுத்த சில மாதத்தில் அது செம்பரம்பாக்கத்தில் வந்தது. அப்புறம் ஸ்ரீபெரும்புதூரில். வண்டி என்னவோ காலையில் நூறு என்றுதான் காட்டும், ஆனால் அந்த நூறு பழைய நூறு இல்லை. அவனுக்கு அது எப்படித் தெரியும்? சுங்குவார்சத்திரத்தில் இருபத்தெட்டு வந்த அன்று, பையை மடியில் வைத்துக் கைதட்டிவிட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தான். வீடு வரவில்லை. பூந்தமல்லி வரைக்கும் டேஷ்போர்டை அடித்துக்கொண்டே அழுதான்.

ஏசியை அணைத்தேன். இடது ஓரத்தில் நாற்பதில் உருட்டினேன், பின்னால் லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தே என்னைக் கொன்றார்கள். ஆறு சதவீதத்தில் வந்து சேர்ந்தோம், மூன்றில் வந்து சேர்ந்தோம். ஒரு சனிக்கிழமை வந்து சேர முடியாது என்று தெரிந்தபோது, சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் இருந்த சார்ஜரில் நிறுத்தினேன். நாற்பது நிமிஷம் ஆகும். அவன் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். நான் சார்ஜரைச் சொருக இறங்கியதுதான் தாமதம், தன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். தோசை சாப்பிட வந்த குடும்பங்கள் நின்று பார்த்தன, ஒருத்தர் போனைக்கூட எடுத்தார். நான் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பா போ வேணாம். அப்பா போ வேணாம்,” என்று நாற்பது நிமிஷமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவனை அழைத்து வருவதை நிறுத்தினேன். நான் மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வாரண்டி இருந்தது. எட்டு வருஷத்துக்குள் பேட்டரியின் திறன் எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் இலவசமாக மாற்றித்தர வேண்டும் என்று அச்சடித்த தாளே இருந்தது. அம்பத்தூரில் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கம்ப்யூட்டரைச் சொருகி அரை நாள் சோதித்தார்கள். மேனேஜர் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருப்பாள், மரியாதையாகப் பேசினாள். திறன் எழுபத்தொன்று என்றாள். எழுபதுக்குக் கீழே வந்தால் நான் கேட்கவே வேண்டாம், அவர்களே மாற்றிவிடுவார்கள் என்றாள். எழுபத்தொன்று வாரண்டிக் கணக்கில் நல்ல பேட்டரி. என் செக்‌ஷனில் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். கிளம்பும்போது டீ சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காசு கொடுத்துப் புது பேட்டரி போடுவது என்பது கிட்டத்தட்ட இன்னொரு கார் வாங்குவது. அது நடக்கிற காரியமில்லை. சும்மா விட்டிருந்தால் அடுத்த கோடைக்குள் அதுவாகவே எழுபதைத் தாண்டிக் கீழே வந்திருக்கும். இதை இப்போது எழுதுவது சுலபம். அப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மனைவி “இந்த வாரமாவது?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவன் கட்டிலில் விரிப்பை மாற்றுவாள். யாரும் படுக்காத விரிப்பை வாரா வாரம் எதற்குத் துவைக்க வேண்டும் என்று ஒரு நாள் கத்தினேன். அவள் அதைக் கொடியில் போட்டாள்.

வண்டியை நானே கெடுப்பது என்று முடிவு செய்தேன். அந்த வித்தை எனக்குத் தெரியாததல்ல, இருபது வருஷம் அடுத்தவர்கள் செய்ததைக் கண்டுபிடித்துச் சோறு தின்றவன். தினமும் காலையில் பூந்தமல்லி போய் வேக சார்ஜரில் நூறு வரை ஏற்றுவேன். அந்தச் சூட்டோடு வெயிலில் நிறுத்துவேன். பிறகு வெளிவட்டச் சாலையில் ஆவடிப் பக்கம் போய் ஒன்று, இரண்டு சதவீதம் வரை விரட்டிக் காலி செய்துவிட்டு, மறுபடி ஏற்றுவேன். சார்ஜரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒரு நாள், “இன்னா சார், காலைலதான் வந்த, அதுக்குள்ள திருப்பியும் வந்துகினு கீற? டாக்சி வுட்டுட்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். தினமும் துணி நனைத்து நான் துடைத்த கார் அது, அவனைச் சத்தமில்லாமல் கொண்டுவந்த கார். வெறுப்பாக இருந்தது. கார் மீதா என் மீதா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் வழக்கம்போல நோட்டைத் திறந்தேன். நடந்ததை எழுதினால் என் கையாலேயே வாக்குமூலம். நடக்காததை எழுதி எனக்குப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். நான்கு மாதம் அதைத் திறக்கவே இல்லை.

மனைவியிடம், வண்டியை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இரண்டாம் தடவை அம்பத்தூருக்குப் போனபோது தானும் வருவதாகச் சொல்லி முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொங்கலுக்குப் பையன் வருவான் என்று இல்லத்துக்கு முந்தின நாளே போன் செய்திருந்தாள். சோதனை முடிந்து மேனேஜர் அறுபத்தெட்டு என்றதும் மேஜைக்கு அடியில் என் கையை அழுத்தினாள். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். யாரும் கேட்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்த வண்டி பாரம்மா என்று அந்தப் பெண் முன்னால் வைத்தேன். நாலே முக்கால் வருஷக் கணக்கு, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. வாரண்டி கேட்டு வருகிறவன் நோட்டை நீட்ட வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அவள் உண்மையிலேயே அசந்துபோய் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் நிறுத்தினாள். முன்னே ஒரு தாள், பின்னே ஒரு தாள் புரட்டிப் பார்த்தாள். நான் பாடியில் எப்படிப் புரட்டுவேனோ அதே மாதிரி.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். இந்த நாலு மாசம் மட்டும் ஏன் எழுதல?”

நான் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். எங்கே, எப்போது, எத்தனை வரை சார்ஜ் ஏறியது என்று வண்டியே எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. என் நோட்டு நின்ற தேதியிலிருந்து பூந்தமல்லி, பூந்தமல்லி, பூந்தமல்லி என்று திரை முழுக்க இறங்கிக்கொண்டே போயிற்று. தலைமை ஆபீசுக்கு அனுப்புகிறேன், அவர்கள்தான் முடிவு செய்வார்கள் என்று தணிந்த குரலில் சொன்னாள். முடிவு எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து வந்த கடிதத்தில் முறையற்ற பயன்பாடு என்று இருந்தது. அந்த வார்த்தைகளை என் வாழ்நாளில் எத்தனை அட்டைகளில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அன்றைக்கு அம்பத்தூரிலிருந்து திரும்பும்போது போரூர் வரை என் மனைவி முதுகுத் தலையணையை நகர்த்திக்கொண்டே வந்தாள். பிறகு, “நீங்களே கெடுத்தீங்களா?” என்றாள். ஆமாம், அவன் சீக்கிரம் வரட்டும் என்றுதான் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கெடுத்ததுதான் கெடுத்தீங்க. அவனுக்காக அந்த நோட்டுல நாலு பொய் எழுதக் கூடாதா?”

எழுதியிருந்தாலும் வண்டி காட்டிக் கொடுத்திருக்கும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்டது வாரண்டியைப் பற்றி இல்லை. யாரோ ஒரு முதலாளியின் கம்பெனிக்காக இருபது வருஷம் யோக்கியனாக இருந்தவன், பெற்ற பிள்ளைக்காக ஒரு தடவை முழுசாக அயோக்கியனாக முடியாமல் பாதியில் நின்றுவிட்டேனே என்பதுதான் அவள் கேள்வி. எழுபத்தொன்றில் விட்டிருந்தாலாவது கொஞ்சம் காத்திருந்து நியாயமாக வாங்கியிருக்கலாம். இப்போது அதுவும் போயிற்று.

பொங்கலுக்கு அவன் வரவில்லை. கட்டில் விரிப்பை அவள் மாற்றுவதும் நின்றுவிட்டது.

இப்போது சனிக்கிழமைகளில் நான் மட்டும் காரில் போகிறேன். அங்கே போய்ச் சேரும்போது எண் நாற்பத்தைந்தில் இருக்கும். திரும்பும் வழியில் சார்ஜ் போட்டுக்கொள்வேன், தனி ஆள்தானே, எங்கே நிறுத்தினாலும் கேட்பாரில்லை. வண்டியைப் பார்த்ததும் அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். ஏமாற்ற மனசில்லாமல், பக்கத்து ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்றுக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவேன். முதல் இரண்டு மூன்று வாரம் கேட்டில் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான், ஆயாக்கள் இரண்டு பேர் வந்து இறக்க வேண்டியிருந்தது.

போன வாரம் அவன் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிச் சிரித்துக்கொண்டே வந்ததால், இன்னும் கொஞ்சம் போகலாம் என்று ஏரியைத் தாண்டி அடுத்த ஊர் வரை ஓட்டினேன். ஏசியும் போட்டேன். திரும்பி வரும்போது முப்பத்தொன்று, முப்பது என்று படித்தவன், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இருபத்தெட்டு எங்கே வரப்போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தினால் விட்டுவிடுவேன் என்று பயப்படுவான், வேறு ரோடும் கிடையாது. இல்லத்தின் கேட்டுக்குள் நுழையும்போது எண் மாறியது. அவன் இரண்டு தட்டுக் கைதட்டினான்.

“இருபத்தெட்டு. வீடு.”

யாரும் வந்து இறக்க வேண்டியிருக்கவில்லை. அவனே கதவைத் திறந்து இறங்கினான். தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான், அங்கே பால்கனி கிடையாது. பிறகு பையை மார்போடு பிடித்துக்கொண்டு, “அம்மா, அம்மா,” என்று கூப்பிட்டபடி உள்ளே போனான். ஒவ்வொரு அறையாகத் தேடுகிறான் என்பது குரல் நகர்ந்ததிலிருந்து தெரிந்தது. நான் வண்டியைத் திருப்பினேன். அடுத்த சார்ஜர் வரை போக அந்த இருபத்தெட்டு போதும்.